இரண்டாம் விடுதியின் தலைக்கணக்கு

நான்கு பக்கம் போதும் என்றார் பதிவாளர் வெங்கட்ரமணன். தரமதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு வரலாறு வேண்டும், இரண்டாம் மகளிர் விடுதிக்கு நீங்கள்தானே காப்பாளர், தமிழ்ப் பேராசிரியர் வேறு, எழுதிக் கொடுத்துவிடுங்கள். யார் அடிக்கல் நாட்டினார், யார் ரிப்பன் வெட்டினார், எத்தனை அறை, எத்தனை கழிப்பறை. எழுதிக் கொடுத்தேன். வழவழப்பான தாளில் அச்சாகியும் வந்துவிட்டது. அதில் அம்சவல்லியின் பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். இந்த விஜயலக்ஷ்மிக்குக் கோபம் வந்தால் அடங்க நாளாகும் என்பது என்னோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்தத் தடவை கோபத்தில் பாதி என் மேலேயே.

ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து உள்ளே மூன்று கிலோமீட்டர் வந்தால் எங்கள் பல்கலைக்கழகம். 2003இல் இந்த விடுதியைக் கட்டினார்கள். அப்போது அம்சவல்லிக்கு இருபத்திரண்டு வயது. எழிச்சூர்க்காரி. சித்தாளாக வந்தவள். இந்தத் தளத்துக்குக் கான்கிரீட் சட்டி சுமந்தவர்களில் அவளும் ஒருத்தி. அடிக்கல் நாட்டியவர் வந்து போனது இருபது நிமிடம். அவள் சுமந்தது பதினோரு மாதம். கட்டி முடித்ததும் மேஸ்திரி எல்லாரையும் அடுத்த வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனார். இவள் போகவில்லை. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெருக்க ஆரம்பித்தவள், யாரும் போகச் சொல்லாததால் அப்படியே இருந்துவிட்டாள்.

“உங்க நிலம் எதுவும் இதுல போச்சா அம்சா?” என்று ஒருநாள் கேட்டேன். வரலாறு எழுதுகிறவர்களுக்கு அப்படியொரு ஆசை வரும்.

“அட நீங்க வேற மேடம்! நெலமா? அதுல கல்லுதான் வெளஞ்சுது. வித்தாங்க, துன்னாங்க, தீந்துபோச்சு. எனக்கு அதப்பத்தி ஒண்ணுமில்ல” என்றாள். தாலி கட்டியவன் படப்பையில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டதையும் இதே குரலில்தான் சொல்லியிருக்கிறாள். நின்றுகொண்டே சொல்வாள். இத்தனை வருடத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வராந்தாவில் நாற்காலி போட்டால் அதைத் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு மறுபடி நடப்பாள். ஒரு கதவைத் தள்ளிப் பார்ப்பாள், ஒரு குழாயை இறுக்குவாள், மாடிக்குப் போவாள், இறங்குவாள். பார்க்கிற நமக்கே கால் வலிக்கும்.

எழுபத்திரண்டு அறை, இருநூற்றுப் பதினாறு கட்டில். 2009இல் இடம் கிடைக்காமல் அமைச்சர் வீட்டுச் சிபாரிசுக் கடிதத்தோடு அப்பாக்கள் நிற்பார்கள். நான் 2012இல் காப்பாளரானேன். வாசலை ஒட்டிய முதல் அறை எனக்கு. ஸ்ரீபெரும்புதூரில் வீடு இருக்கிறது. அண்ணன் தோத்தாத்ரி கோயில் கைங்கரியத்தோடு அங்கே இருக்கிறார். நான் வாரக்கடைசிக்குத்தான் போவேன். மாலை ஏழு மணிக்கு வருகை எடுப்பது அம்சவல்லியின் வேலை. அப்போதெல்லாம் நோட்டில் பெயரைக் கூப்பிட்டு டிக் போடுவாள், அவ்வளவுதான்.

அந்த டிக்கை அவள் நம்பாமல் போனது 2015 டிசம்பரில். செம்பரம்பாக்கம் ஏரி திறந்த செய்தியையே எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, எங்கள் வளாகத்துக்குப் பின்னால் இருந்த சிற்றேரி சத்தமில்லாமல் வழிந்து தரைத்தளத்துக்குள் வந்தது. இடுப்பளவு தண்ணீர். கல்லூரிப் பேருந்துகளில் பெண்களை ஏற்றினோம். பேருந்துக் கதவருகே நனைந்துகொண்டு அம்சவல்லி பெயர்களை டிக் போட்டாள். ஸஹானா என்றதும் யாரோ ஒருத்தி, “அவ நேத்தே ஊருக்குப் போயிட்டா ஆன்ட்டி” என்றாள். ‘ஊர்’ என்று எழுதிக்கொண்டாள். ஸஹானா ஊருக்குப் போகவில்லை. இரண்டாம் மாடிக் கடைசியில் இருந்த நோயறையில் காய்ச்சல் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். நோயறையை யாராவது இரண்டாம் மாடியில் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். லிஃப்ட் வரும் என்று வரைபடத்தில் இருந்ததாம், வரவில்லை.

மின்சாரம் இல்லை, போன் இல்லை, கீழே தண்ணீர். இருபது மணிநேரம் அந்தப் பெண் தனியாக இருந்தாள். மறுநாள் அவள் அப்பா வந்து கேட்ட பிறகுதான் எங்களுக்கு மூச்சே நின்றது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை. அறிக்கையில் “தகவல் குழப்பம்” என்று இரண்டு வார்த்தை எழுதி முடித்துவிட்டேன். யார் டிக் போட்டது என்று எழுதவில்லை. எழுதியிருந்தால் அன்றே அம்சவல்லியை வெளியே அனுப்பியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு அவள் நோட்டைத் தொடுவதில்லை. தலையைத் தொட ஆரம்பித்தாள். மேல்மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொரு அறையாக நுழைந்து, ஒவ்வொரு பெண்ணின் உச்சந்தலையிலும் உள்ளங்கையை வைத்து, “ஒண்ணு, ரெண்டு” என்று எண்ணிக்கொண்டே இறங்குவாள். படித்துக்கொண்டிருந்தாலும் சரி, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாலும் சரி, பையனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, கை வந்து விழும். “ஐயோ ஆன்ட்டி, ஆசீர்வாதமா?” என்று கிண்டல் செய்வார்கள். “ஆசீர்வாதமுமில்ல, ஒண்ணுமில்ல. நீ கீறியான்னு பாக்கறேன்” என்பாள். கடைசியில் என் அறை வாசலுக்கு வந்து மொத்தத்தையும் யார் இல்லை என்பதையும் சொல்வாள், நான் நோட்டில் குறித்துக் கையெழுத்துப் போடுவேன்.

“என்னை எண்ண மாட்டியா?” என்று விளையாட்டாகக் கேட்டிருக்கிறேன்.

“நீங்க கணக்கு வாங்கறவங்க மேடம். கணக்குல வர மாட்டீங்க” என்று ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள்.

பிறகு பொறியியல் படிப்பு படுத்தது. அறைகள் காலியாயின. 2020இல் விடுதியைக் கொரோனா முகாமாக எடுத்துக்கொண்டார்கள். வந்தவர்கள் கட்டில்களுக்கெல்லாம் சிவப்புப் பெயிண்டில் எண் போட்டார்கள். அந்த எண்கள்தான் எங்களுக்கு மிச்சம். அடுத்த வருடம் மேல் இரண்டு தளங்களையும் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஒரு காண்ட்ராக்டருக்கு வாடகைக்கு விட்டார்கள். கீழே மாணவிகள், மேலே வேலைக்குப் போகும் பெண்கள். ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருத்தி பகல் ஷிஃப்ட், ஒருத்தி நைட் ஷிஃப்ட். ஒருத்தி எழுந்து போன சூடு ஆறுமுன் இன்னொருத்தி வந்து படுப்பாள். இதை எங்கள் நிர்வாகம் “இடப் பயன்பாட்டுத் திறன்” என்று எழுதியது. கேட்டால் பற்றிக்கொண்டு வருகிறது, ஆனால் அன்று நான் வாயைத் திறக்கவில்லை.

அம்சவல்லி அசரவில்லை. மாலைக் கணக்கோடு காலை ஒன்பது மணிக் கணக்கும் சேர்ந்துகொண்டது. காலையில் நைட் ஷிஃப்ட் பெண்கள் படுத்திருப்பார்கள். போர்வையை விலக்கி முகத்தைப் பார்த்து, தலையில் கை வைத்து எண்ணுவாள். அவர்கள் எரிந்து விழுவார்கள். பன்னிரண்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்த பிள்ளைகள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது.

போன ஆகஸ்டில் காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் செந்தமிழன் என்னிடம் வந்தான். மரியாதையான பையன்தான். “மேடம், உங்க ஆயாம்மா தூங்க வுட மாட்டேன்றாங்க. பொண்ணுங்க லைன்ல நின்னுகினே தூங்குதுங்க. பீஸு கெட்டுப்போவுது. ரிஜெக்‌ஷன் ஏறுது. கம்பெனில என்ன புடிச்சு கிழிக்கறாங்க.” அவன் போன ஐந்தாவது நிமிடம் பதிவாளர் போன் செய்தார். காண்ட்ராக்டரை வருத்தப்படுத்தாதீர்கள் என்றார். என் மேசை மேல் அறுபது விடைத்தாள் திருத்தக் கிடந்தது. எனக்கு எல்லாம் தொல்லையாக இருந்தது. ஒரு தாளை எடுத்து எழுதினேன்: இனி மேல்தளங்களில் யாரையும் தொட்டு எழுப்பக் கூடாது, வாசலில் நின்று ஆள் படுத்திருக்கும் கட்டில்களை மட்டும் எண்ணிக்கொண்டால் போதும். சுற்றறிக்கை எண் பதினேழு. கையெழுத்து, முத்திரை, தேதி.

அம்சவல்லி தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு, “மேடம், கட்டிலு எங்கியும் போவாது. பொண்ணுங்கதான் போவும்” என்றாள்.

“சொன்னதைச் செய் அம்சா. எல்லாத்துக்கும் எதிர்வாதம் பண்ணாதே” என்று கத்தினேன். அவள் தாளை நான்காக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருக்கும் பிளாஸ்டிக் கவரில் செருகிக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவள் நடை மாறியது. முன்பு ஏதோ வேலையாக நடப்பாள், இப்போது வேலையில்லாமலும் நடந்தாள். ஒவ்வொரு வாசலிலும் நின்று கையைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு எட்டிப் பார்ப்பாள். தொடாதே என்று சொல்லிவிட்டால் கைக்கு என்ன வேலை? எனக்கும் அவளைப் பார்த்தால் இருப்புக்கொள்ளாது. அதனால் பார்க்காமல் இருந்தேன்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, பகல் பதினோரு மணிக்கு, நான் ஸ்ரீபெரும்புதூர் கிளம்பும் நேரத்தில், என் அறைப் போன் அடித்தது. தென்காசிப் பக்கத்துக் குரல். “தாயி, நான் முப்பிடாதியோட அம்மா பேசுதேன். எம்மவ ரெண்டு நாளா போன எடுக்க மாட்டேக்கா. என்னன்னு பாத்துச் சொல்லுங்கம்மா, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

நோட்டைப் பார்த்தேன். முப்பிடாதி, கட்டில் எண் நூற்றுத் தொண்ணூற்று மூன்று, நைட் ஷிஃப்ட். வியாழன், வெள்ளி, சனி மூன்று காலையும் கட்டிலில் ஆள் உண்டு. “இங்கதான் இருக்கா, தூங்கறா” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு அந்த வரியை மறுபடி படித்தேன். அம்சவல்லியைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் படியில் பாதி ஏறிவிட்டாள்.

நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது அவள் அந்தக் கட்டில் போர்வையை இழுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தது வேறு ஒரு பெண். மலங்க மலங்க விழித்தது. மெர்சி என்று பெயர் சொன்னது. புதன்கிழமைதான் வந்ததாம், இந்தக் கட்டிலில் படுத்துக்கொள் என்று சூப்பர்வைசர் சொன்னாராம். ஒரு கட்டிலுக்கு மூன்றாவது ஆள்! எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செந்தமிழனுக்குப் போன் போட்டேன். “அந்தப் பொண்ணா மேடம்? வியாழக்கெழமலேர்ந்து ஆப்சென்ட். ஊருக்கு ஓடிட்ச்சுன்னு பேர அடிச்சிட்டேன்” என்றான். தொழிற்சாலைக் கணக்கில் அவள் ஓடிப்போனவள், எங்கள் கணக்கில் அவள் தூங்குகிறவள். பெற்ற பிள்ளை எங்கே என்று கேட்க அவள் அம்மா ஒருத்திதான் இருந்தாள்.

“நான் பாவி! நான் பாவி!” என்று அம்சவல்லி தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஓடினாள். மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி, குளியலறைகள். கீழே இறங்கிப் பின்பக்கம் ஏரிக்கரை வரை ஓடினாள். காவலாளிகள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஏரித் தண்ணீரைப் பார்த்ததும் நான் அதற்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. அவள் என்னைப் பார்த்து, “இங்க இல்ல மேடம், இருக்காது” என்று சொன்னாள், என்னை அதட்டுவதுபோல. சட்டென்று நின்றாள். விடுதியின் இரண்டாம் மாடிக் கடைசி ஜன்னலை அண்ணாந்து பார்த்தாள். அவ்வளவுதான், மறுபடி ஓட்டம்.

பழைய நோயறை. கொரோனா முடிந்ததும் மிச்ச மெத்தைகளைப் போட்டுப் பூட்டிய அறை. தாழ்ப்பாள் எப்போதோ உடைந்திருக்கிறது, எங்களுக்குத் தெரியாது. மெத்தைக் குவியலுக்கும் சுவருக்கும் நடுவே முப்பிடாதி சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் காலித் தண்ணீர் பாட்டில், செத்துப்போன போன். வியாழக்கிழமை காய்ச்சலோடு ஷிஃப்ட் முடிந்து வந்திருக்கிறாள். கட்டிலில் வேறு ஒருத்தி. எழுப்ப மனசு வராமல் இங்கே வந்து படுத்திருக்கிறாள். அதற்குப் பிறகு அவளால் எழ முடியவில்லை.

அம்சவல்லி மண்டியிட்டு அவள் தலையில் கை வைத்தாள். கொதித்தது என்று பிறகு சொன்னாள். அந்தப் பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு லிஃப்ட் இல்லாத அந்த இரண்டு மாடியும் இறங்கினாள். ஆஸ்பத்திரியில் டெங்கு என்றார்கள். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்றார் டாக்டர். நான்காம் நாள் கண் தெளிந்து கஞ்சி குடித்தாள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நன்றி சொல்லி. எனக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை பதிவாளர் அறையில் விசாரணை. அவர், செந்தமிழன், நான். அம்சவல்லி நின்றுகொண்டிருந்தாள். மேசை மேல் ஏற்கெனவே டைப் அடித்த ஒரு தாள் இருந்தது. பணியாளர் அம்சவல்லி வருகைக் கணக்கில் கவனக்குறைவாக இருந்ததை ஒப்புக்கொள்கிறார். கீழே கையெழுத்துக்கு இடம். ஒப்புக்கொண்டால் வேலை போகும். நாற்பத்துநான்கு வயதில், மாடிப்படிக்கடியில் இருக்கும் அவள் அறையும் சேர்ந்து போகும்.

அலுவலகக் கோப்பில் சுற்றறிக்கை பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது. பதினேழைக் காணோம். பதிவாளர் என்னைப் பார்க்காமல் கோப்பை மூடினார். எனக்கு ஓய்வுபெற ஏழு மாதம் இருந்தது. குழு வரும் நேரத்தில் பேராசிரியர் பெயர் அடிபட வேண்டாம் என்று அவரே கருணை காட்டுகிறார் என்று புரிந்தது. நானும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். மறைக்க என்ன இருக்கிறது? அன்று நான் கோழைதான். அவளிடம் அசல் இருக்கிறதே, அவளே அந்த பிளாஸ்டிக் கவரை எடுத்து நீட்டட்டும், நானாகச் சொல்ல வேண்டாம் என்று காத்திருந்தேன்.

“எப்படிம்மா எண்ணினே?” என்று கேட்டார் பதிவாளர்.

“கட்டில எண்ணினேன் சார்.”

“தலையை எண்ணற வழக்கமாமே. கட்டிலை எண்ணச் சொன்னது யார்?”

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. “யாரும் சொல்லல சார். கால் வலி. நானேதான் அப்டி எண்ணினேன்” என்றாள்.

கால் வலியாம்! இருபது வருடமாக ஒரு நாள் உட்காராதவள் சொல்கிறாள், கால் வலியாம். பேனாவை வாங்கக் கையை நீட்டிவிட்டாள். எனக்கு எங்கிருந்து வந்ததோ, நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

“பொய் சொல்றா. அவ வேண்டாம்னுதான் சொன்னா. எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். சுற்றறிக்கை எண் பதினேழு” என்றேன்.

“மேடம், அப்படி எதுவும் கோப்பில் இல்லையே. உட்காருங்கள்” என்றார் பதிவாளர், கெஞ்சுவதுபோல.

“கோப்பில் இல்லாட்டி என்ன? போட்ட கையெழுத்துக்கு நானே சாட்சி. ஒரு கட்டிலுக்கு மூணாவது ஆளைப் போட்டது இந்தப் பையன். அதையும் எழுதிக்கோங்கோ.”

செந்தமிழன் தரையைப் பார்த்தான். மூன்றாவது ஆள் விஷயம் கடைசிவரை குறிப்பில் ஏறவில்லை; காண்ட்ராக்டரை வருத்தப்படுத்த முடியாதல்லவா. அம்சவல்லிக்கு எச்சரிக்கை மட்டும். எனக்குக் குற்றக்குறிப்பாணை, காப்பாளர் பொறுப்பிலிருந்து நீக்கம், ஒரு வாரத்தில் அறையைக் காலி செய்யவேண்டும். பரவாயில்லை, அதையாவது ஒழுங்காகச் செய்தார்கள்.

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். “ஏண்டி அப்படிச் சொன்னே? அந்தத் தாள் எங்கே?”

“ஆஸ்பத்திரில கெடந்த முப்பிடாதிக்கு வெந்நீர் வெச்சன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன் மேடம். ஸஹானாப் பொண்ணு விசயத்துல நீங்க என்னக் காட்டிக் குடுக்கல. நான் மட்டும் ஒங்களக் காட்டிக் குடுப்பேனா?”

“நான் பேசாமலே இருந்திருந்தா?”

“இருந்திருந்தா போயிருப்பேன். வேற இன்னா?” என்று சொல்லிவிட்டு நடந்தாள். மாடியில் ஏதோ குழாய் சொட்டுகிறதாம்.

முப்பிடாதியை அவள் அம்மா ஊருக்கு அழைத்துப் போனாள். நான் புத்தகங்களைக் கட்டினேன். புதிய காப்பாளர் வரட்டும் என்று அம்சவல்லி காத்திருக்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. காலையும் மாலையும் பழையபடி தலையைத் தொட்டே எண்ணினாள். அந்தப் பெண்களும் இப்போது எரிந்து விழவில்லை. மெர்சி என்ற அந்தப் பெண் போர்வைக்குள் இருந்தபடியே தலையை மட்டும் நீட்டும் என்று கேள்விப்பட்டேன்.

கடைசி நாள் மாலை, ஏழு மணி. பெட்டிகள் வாசலில் இருந்தன. ஸ்ரீபெரும்புதூர் போக அண்ணன் ஆட்டோவோடு வந்து காத்துக்கொண்டிருந்தார். மேல்மாடியிலிருந்து அவள் குரல் எண்ணிக்கொண்டே இறங்கி வந்தது. தரைத்தளத்தில் மாணவிகள் அறைகளை முடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். வழக்கம்போல எழுதிக்கொள்ளப் பேனாவை எடுத்தேன். பிறகுதான் நினைவு வந்தது, கையெழுத்துப் போட எனக்கு அதிகாரம் இல்லை.

“எத்தனை அம்சா?” என்றேன்.

அவள் கிட்ட வந்து, கையைப் புடவையில் துடைத்துவிட்டு, என் நரைத்த உச்சந்தலையில் வைத்தாள். சொரசொரப்பான கை, பாத்திரம் தேய்த்த ஈரம் இன்னும் இருந்தது.

“நூத்தி எழுபத்தி மூணு” என்றாள். “நாளைக்கு ஒண்ணு கொறையும்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அதற்குள் திரும்பி, வாசல் கதவின் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.